மாவரைத்தவர் படமெடுத்த வரலாறு

நம் சங்கத்தின் ஆண்டு விழா நெருங்கும் நாட்களில், மலருக்குக் கட்டுரை கேட்டு வீடு வீடாகச் செல்வது நம் வழக்கம். அவ்வாறு சென்ற ஒரு மாலையில், நம் குடியிருப்பில் நெடுநாளாய் வாழ்ந்துவரும் ஒரு பெரியவர் நம்மை அமரச்செய்து, காப்பி கொடுத்து, கட்டுரைக்குப் பதிலாக ஒரு கேள்வியை நம்மிடம் ஒப்படைத்தார். அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இளமையில் கல்கத்தா வந்தவர். கணக்கராயிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் கோயிலில் சிறுவர்க்கு வேதபாடம் சொல்லித் தருபவர். அவருடைய இளைய மகன் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, இந்நகரில் சத்தியஜித் ராயின் பெயரால் நடைபெறும் திரைப்படக் கல்லூரியில் சேர விரும்புகிறானாம். இயக்குநராக வேண்டும் என்பது அவன் ஆசை.

“ஐயா, சினிமாவும் விசுவாசமும் ஒரே வீட்டில் குடியிருக்குமா? நீங்கள் நாலும் படித்தவர்கள், நீங்கள்தான் சொல்லவேண்டும்” என்றார் பெரியவர். மகன் கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். உடனே விடை சொல்ல நமக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் தவணை கேட்டுக்கொண்டு வந்து, பழைய ஏடுகளைப் புரட்டினோம். அப்பொழுது நம் நினைவில் எழுந்தது ஓர் ஆங்கிலேயரின் வாழ்க்கை. அதனையே இவ்வாண்டு மலருக்குப் பொருளாக்கிக்கொண்டோம்.

படமும் பக்தியும்

திரைப்படம் பிறந்த நாள்தொட்டே சமயம் அதன் அருகில் இருந்துவந்திருக்கிறது. இயேசுநாதரின் வரலாறு தொடக்க ஆண்டுகளிலேயே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பன்முறை படமாக்கப்பட்டது. அத்தகைய படம் ஒன்றை 1910ஆம் ஆண்டையொட்டிப் பம்பாயில் கண்ட தாதாசாகேப் பால்கே, அவ்வாறே கண்ணனையும் இராமனையும் திரையில் காட்டலாகாதா என்று எண்ணினார். அவ்வெண்ணத்தின் பயனாக 1913இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ தோன்றியதை நாம் அறிவோம். தமிழகத்திலும், கோயம்புத்தூர்ச் சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கிறிஸ்தவத் தமிழர், இரயில்வே அலுவலில் இருந்தபோது 1905இல் திருச்சியில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, இயேசுநாதர் வரலாற்றுப் படச்சுருளுடன் ஊர் ஊராகச் சென்று கூடாரம் அடித்துக் காட்டினார். தென்னாட்டு மக்களுக்குச் சலனப்படத்தை அறிமுகம் செய்த பெருமை அவருக்கு உண்டு.

ஆயினும் நம் பெரியவர் கேட்டது வேறு. படத்தில் சமயம் இடம்பெறுவது எளிது. விசுவாசத்தையே வழிகாட்டியாகக் கொண்டு ஒருவன் படத்தொழிலில் இறங்கினால், அத்தொழில் அவனை என்ன செய்யும்? அவன் அத்தொழிலை என்ன செய்வான்? இவ்வினாவுக்கு ஜே. ஆர்தர் ராங்க் என்பாரின் வாழ்வைப்போல் விரிவாக விடை சொல்லும் வரலாறு பிறிதொன்றை நாம் கண்டிலோம்.

ஆலைக்காரர் மகன்

ஜோசப் ஆர்தர் ராங்க் 1888ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள், இங்கிலாந்தின் கீழைக் கரையிலுள்ள ஹல் துறைமுகத்தில் பிறந்தார். தந்தை ஜோசப் ராங்க் கோதுமை மாவு ஆலைகளின் அதிபர், பெருஞ்செல்வர், மெதடிஸ்ட் திருச்சபையில் ஆழ்ந்த பற்றுடையவர். இத்திருச்சபை நமக்குப் புதியதன்று. ஜான் வெஸ்லியின் வழிவந்த இச்சபையாரே மன்னார்குடி பின்லே பள்ளியையும் சென்னை இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியையும் நிறுவியவர்கள். குடியும் சூதும் ஆகா என்பதும், உழைத்து ஈட்டிய பொருளில் பிறர்க்கும் பங்குண்டு என்பதும் அச்சபையின் ஒழுக்கம். நாடகக் கொட்டகையையே ஐயத்துடன் நோக்கிய குடும்பங்கள் அச்சபையில் பல இருந்தன.

ஆர்தர் படிப்பில் மந்தம். கேம்பிரிட்ஜ் நகரின் லீஸ் பள்ளியில் பயின்றும் அவர் ஒளிவிடவில்லை. இவனுக்கு ஆலையை விட்டால் வேறு போக்கில்லை என்று தந்தையே முடிவு கட்டினார் எனக் கூறுவர். ஆலையில் அடிப்படை வேலைகளிலிருந்து பயின்ற பின், தனியாக ‘பீட்டர்கின்ஸ்’ என்னும் பெயரில் மாவு வியாபாரம் தொடங்கினார்; அது நொடித்தது. மீண்டும் தந்தையின் நிழலுக்கே வந்து சேர்ந்தார். 1917இல் நெல் மார்ஷல் என்னும் அம்மையாரை மணந்து, இலண்டனுக்குத் தெற்கேயுள்ள ரெய்கேட் ஊரில் குடியேறினார். நாற்பது வயது கடந்தும் அவர் ஒரு பணக்கார ஆலைக்காரரின் இளைய மகன், அவ்வளவே. படத்தொழிலுக்கும் அவருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

ஒன்று மட்டும் உண்டு. ஞாயிறுதோறும் ரெய்கேட் மெதடிஸ்ட் கோயிலில் அவர் சிறுவர்க்கு வேதபாடம் நடத்தினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் படத்தொழில் முழுதும் தம் கைக்குள் வந்த நாட்களிலும் அவர் அவ்வகுப்பைக் கைவிட்டாரில்லை.

ஞாயிறு வகுப்பில் படக்கருவி

வேதபாடம் நடத்திய எவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. ஆசிரியர் எத்துணை நல்லவராயினும், பேச்சு நீண்டால் பிள்ளைகளின் கண் சன்னலுக்குச் செல்லும். ராங்க் இதனைக் கண்டார். அதே பிள்ளைகள் சனிக்கிழமை படக் கொட்டகையில் இமைகொட்டாமல் அமர்ந்திருப்பதையும் கண்டார். வகுப்பிலேயே படக்கருவியை நிறுத்திப் படம் காட்டினால் என்ன என்று எண்ணினார். காட்டத் தகுந்த படங்களோ மிகச் சில, அவையும் சுவையற்றவை. எனவே நல்ல சமயப் படங்களை எடுக்கவும், கோயில்களுக்கு வழங்கவும் 1933இல் சமயத் திரைப்படக் கழகம் ஒன்றை ஏற்படுத்தினார். ‘மாஸ்டர்ஷிப்’ என்னும் குறும்படம் அவ்வழியில் அவர் எடுத்த முதல் முயற்சி.

அக்காலத்தில் மெதடிஸ்ட் சபையாரின் இதழொன்று, இங்கிலாந்தில் காட்டப்படும் படங்கள் குடும்ப வாழ்வைக் கெடுக்கின்றன என்று கடிந்து எழுதியது. அதற்கு இலண்டன் மாலை நாளிதழ் ஒன்று விடையிறுத்தது. இத்துணை கவலைப்படும் மெதடிஸ்டுகள் தாமே முன்வந்து நல்ல படம் எடுத்துக் காட்டலாமே என்பது அவ்விடையின் சாரம். பலர் இதனைப் படித்துவிட்டு மறந்திருப்பர். ராங்க் அதனைத் தமக்கே எழுதப்பட்ட கடிதமாக ஏற்றுக்கொண்டார்.

அவரை இயக்கிய கருத்து இன்னதென்று அறிந்துகொள்ளுதல் நலம். தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதற்கு வழங்கும் சொல் உக்கிராணத்துவம் என்பது. உக்கிராண அறையின் சாவி ஒருவன் கையில் இருக்கலாம். உள்ளே இருக்கும் பொருள் அவனுடையதன்று. எசமான் கேட்கும்போது அவன் கணக்குக் காட்டவேண்டும். தந்தை விட்டுச்செல்லும் செல்வத்தைப் பற்றி ராங்க் கொண்டிருந்த எண்ணம் இதுவே. தாலந்து உவமையில் பொருளைப் புதைத்து வைத்த ஊழியன் கடிந்துகொள்ளப்படுவதை ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர், தம் பொருளைப் புதைத்து வைத்தல் இயலுமா?

கல்கத்தாச் சணலும் யார்க்‌ஷயர்க் கடலும்

1934இல் ‘பிரிட்டிஷ் நேஷனல்’ என்னும் படக்கம்பெனி தோன்றியது. அதில் ராங்கிற்குக் கூட்டாளிகள் இருவர். ஒருவர் ஜான் கார்பீல்டு என்னும் இளம் தயாரிப்பாளர். மற்றவர் யூல் சீமாட்டி. இப்பெயர் நம் ஊராருக்குச் செவிவழிப் பழக்கமானது. கிளைவ் ரோவில், இன்று டாக்டர் ராஜேந்திர பிரசாத் சரணி என வழங்கும் தெருவில், நிமிர்ந்து நிற்கும் ஆண்ட்ரூ யூல் கம்பெனியின் மாளிகையைக் கடந்து செல்லாதவர் நம்மில் யார்? 1863இல் தொடங்கிய அக்கம்பெனியைச் சணலாலும் நிலக்கரியாலும் தேயிலையாலும் பெருக்கியவர் சர் டேவிட் யூல். அவர் 1928இல் காலமானபின், அவருடைய பெருஞ்செல்வம் அவர்தம் மனைவியாரிடமும் மகளிடமும் சேர்ந்தது. அச்சீமாட்டியாருக்கு நாட்டுக்கு நலம் பயக்கும் படங்கள் எடுக்கவேண்டும் என்ற விருப்பம். ஹூக்ளிக் கரையில் சணல் நூற்றவர் உழைப்பில் ஈட்டிய பணத்தின் ஒரு பகுதி, இவ்வாறு இங்கிலாந்தின் படத்தொழிலுக்கு வித்தாயிற்று. இது நம்மில் பலர் அறியாத செய்தி.

அவர்கள் எடுத்த முதற் பெரும்படம் ‘டர்ன் ஆப் தி டைடு’. 1935இல் வெளிவந்தது. லியோ வாம்ஸ்லியின் நாவலைத் தழுவி, நார்மன் வாக்கர் இயக்கியது. யார்க்‌ஷயர்க் கடற்கரையில் பகைத்து நிற்கும் இரு மீனவக் குடும்பங்கள், ஒரு திருமணத்தால் ஒன்றுபடும் கதை. நடிகர்களைக் கூடத்தில் மட்டும் வைத்துப் படமெடுக்காமல், அம்மீனவர் வாழும் கரைக்கே சென்று, உண்மையான படகுகளையும் அலைகளையும் படமாக்கினர். வெனிஸ் நகரின் படவிழாவில் அது பரிசு பெற்றது.

பரிசு பெற்ற படம் மக்களிடம் சென்றதா என்றால், இல்லை. படத்தை ஊர்தோறும் அனுப்பும் வினியோகஸ்தர்கள் அதில் நாட்டம் காட்டவில்லை. கொட்டகைகளை வைத்திருந்தோர் அதனை இரண்டாம் படமாக, பெரிய படத்துக்கு முன்னால் ஒப்புக்குக் காட்டினர். போட்ட பணம் திரும்பவில்லை. ஆலைக்காரர் மகனுக்கு இது விளங்கிற்று. நல்ல மாவு அரைத்தால் போதாது. வண்டியும் கடையும் நம்முடையதாக இருந்தாலன்றி மாவு மூட்டையிலேயே புழுத்துப்போம். படத்தொழிலின் திறவுகோல் படம் எடுப்போர் கையில் இல்லை, காட்டுவோர் கையில் இருக்கிறது என்று கண்டுகொண்டார்.

அதன்பின் அவர் நடந்துகொண்ட வேகம் வியப்பூட்டுவது. ஒரு வினியோகக் கம்பெனியில் பங்கு கொண்டார். பக்கிங்ஹாம்ஷயரில் பைன் மரங்கள் சூழ்ந்த பெருந்தோட்டம் ஒன்றில், சார்லஸ் பூட் என்னும் கட்டிட வல்லுநருடன் சேர்ந்து ‘பைன்வுட்’ படப்பிடிப்பு நிலையத்தை எழுப்பி, 1936 செப்டம்பர் 30இல் திறந்தார். அடுத்து டென்ஹாம் நிலையமும் அவர் வசமாயிற்று. 1941இல் காமாண்ட் பிரிட்டிஷ் கொட்டகைகளும் ஓடியன் கொட்டகைகளும் அவர் ஆட்சிக்குள் வந்தன. யூல் சீமாட்டியார் இதற்கு முன்னரே பிரிந்து தம் வழியே சென்றுவிட்டார். இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாயில் இங்கிலாந்தில் 600க்கு மேற்பட்ட கொட்டகைகளும், ஐந்து படப்பிடிப்பு நிலையங்களும் ராங்கின் கொடிக்கீழ் இருந்தன. பத்தாண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிறு வகுப்பில் படக்கருவியைச் சுழற்றிக்கொண்டிருந்தவர் அவர்.

சேகண்டி ஒலி

சௌரங்கிக் கொட்டகைகளில் பழைய ஆங்கிலப் படங்களைப் பார்த்த நம் பெரியோர்க்கு ஒரு காட்சி மறந்திராது. வெற்றுடம்பினனான வலிய ஆண்மகன் ஒருவன் பெருஞ்சேகண்டியை ஓங்கி அடிப்பான். அதன்பின் படம் தொடங்கும். அது ராங்கின் முத்திரை. பாம்பார்டியர் பில்லி வெல்ஸ் என்ற குத்துச்சண்டை வீரரும் அச்சேகண்டி அடித்தவருள் ஒருவர். திரையில் தோன்றியது வெறும் போலிச் சேகண்டி. உண்மை ஒலியை எழுப்பியவர் ஜேம்ஸ் பிளேட்ஸ் என்னும் இசைக்கலைஞர்.

அச்சேகண்டிக்குப் பின் வந்த படங்கள் எவை? ராங்கின் விசுவாசத்தை அளக்க நாம் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இதுவே.

அவர் சமயப் பற்றுடன் நேரே எடுப்பித்த படங்கள் சில உண்டு. ‘மெசையா’ என்னும் பேரிசையை இயற்றிய ஹேண்டலின் வாழ்வைக் கூறும் ‘தி கிரேட் மிஸ்டர் ஹேண்டல்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. 1942இல், போர்க்காலத்தின் தட்டுப்பாட்டிலும் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. எண்ணம் உயர்ந்தது, மக்கள் கூட்டமோ வரவில்லை. பாடம் புகட்டவே எடுத்த படங்களை இன்று தேடிப் பார்ப்போர் மிகச் சிலரே.

அதே காலத்தில் அவர் செய்த மற்றொரு காரியம் நிலைத்தது. திறமையுடைய கலைஞர்களைத் தனித்தனிக் குழுக்களாக அமைத்து, பணத்தைக் கொடுத்து, கதையையும் நடிகரையும் அவர்களே தேர்ந்துகொள்ள விட்டார். தமக்குப் படக்கலை தெரியாது என்பதை அவர் மறைத்ததில்லை. தெரிந்தவரிடம் ஒப்புவித்துவிட்டு ஒதுங்கி நின்றார். மைக்கேல் பாவலும் எமரிக் பிரெஸ்பர்கரும், டேவிட் லீனும், லாண்டரும் கில்லியட்டும் இவ்வாறு அவரால் வாழ்ந்தவர்கள். லாரன்ஸ் ஒலிவியரின் ‘ஹென்றி தி பிப்த்’ 1944இலும், லீனின் ‘பிரீப் என்கவுண்டர்’ 1945இலும், டிக்கன்ஸ் கதையான ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1946இலும் வெளிவந்தன. ஒலிவியரின் ‘ஹாம்லெட்’ 1948ஆம் ஆண்டின் சிறந்த படம் என ஆஸ்கார் விருது பெற்றது. அமெரிக்காவில் எடுக்கப்படாத ஒரு படம் அவ்விருதை அடைந்தது அதுவே முதன்முறை.

இவற்றுள் ஒன்றனைத் தனியே எடுத்துக்கொள்வோம். 1947இல் வந்த ‘பிளாக் நார்சிசஸ்’ நம் டார்ஜிலிங் மலைப்பக்கத்துக் கதை. பழைய அரண்மனை ஒன்றில் பள்ளியும் மருத்துவச்சாலையும் நடத்தவந்த ஆங்கிலத் துறவியர் சிலர், மலைக்காற்றிலும் தனிமையிலும் தம் உள்ளத்தையே வெல்லமாட்டாமல், தோற்றுக் கீழிறங்குவர். கதையை எழுதியவர் வங்காளத்தில் வளர்ந்த ரூமர் காடன். மைசூர்ச் சிறுவனாய்ப் படவுலகில் நுழைந்த சாபு அதில் நடித்தார். இமயத்தையும் பனியையும் பைன்வுட் கூடத்திலேயே தீட்டிய திரைகளால் உண்டாக்கினர். ஒளிப்பதிவுக்கும் கலையமைப்புக்கும் ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. அமெரிக்காவில் கத்தோலிக்க அறநெறிக் குழு இப்படத்தைக் கண்டித்தது; சில பகுதிகளை வெட்டியபின்னரே அங்கு உலவ முடிந்தது.

எண்ணிப் பாருங்கள். ஊழியத்தில் நம்பிக்கையுள்ள ஒரு ஞாயிறு வகுப்பு ஆசிரியரின் பணத்தில், ஊழியர் தோற்ற கதை படமாயிற்று. அவர் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. அதனை அடக்கத்தின் செயலாகவே நாம் காண்கிறோம். மனிதன் தன் நெஞ்சோடு நிகழ்த்தும் போரை உள்ளபடி காட்டும் படம், பத்துப் பிரசங்கப் படங்களினும் ஆழமாக உள்ளத்தில் இறங்குகிறது. தாம் எடுத்த சமயப் படங்களால் ராங்க் செய்யமாட்டாததை, தாம் நம்பி விட்ட கலைஞர்களால் செய்தார்.

கணக்கு முறை

ஆயின் இவ்வரலாறு இங்கே முடிந்திருந்தால் அது சிறுவர் கதையாகும்.

முதற் சோதனை அதிகாரத்தால் வந்தது. கொட்டகைக்காரர் கதவை அடைத்ததனால் மனம் நொந்து தொழிலில் இறங்கியவர், இப்போது கதவுகள் பலவற்றுக்கும் தாமே சாவி வைத்திருந்தார். 1944இல் ஆல்பர்ட் பாலாஷ் தலைமையில் அரசினர் அமைத்த குழு, படத்தொழில் ஓரிருவர் கையில் குவிவதன் கேட்டினை எடுத்துக்காட்டியது. ‘டர்ன் ஆப் தி டைடு’ படத்துக்கு நேர்ந்த கதி தம் படங்களுக்கும் நேருமோ என்று சிறு தயாரிப்பாளர்கள் அஞ்சினர். நல்லெண்ணத்துடன் சேர்த்த வலிமையும் வலிமையே என்பதை அவர் கண்டுகொண்டாரா என்பது ஐயமே.

இரண்டாம் சோதனை பணத்தால் வந்தது. 1945இல் ‘சீசர் அண்டு கிளியோபாட்ரா’ அளவிறந்த செலவில் எடுக்கப்பட்டுப் பெருநட்டம் விளைத்தது. 1947 ஆகஸ்டில், நாட்டின் டாலர் தட்டுப்பாட்டை நீக்கக் கருதி, பிரிட்டிஷ் அரசு அமெரிக்கப் படங்களின் மீது நூற்றுக்கு 75 வீதம் வரி விதித்தது. ஹாலிவுட்டார் படம் அனுப்புவதையே நிறுத்திவிட்டனர். கொட்டகைகள் வெறுமையாகாதபடி ராங்க் 47 படங்கள் எடுக்கத் திட்டமிட்டார். அவை முடிவதற்குள், 1948 மார்ச்சில் அரசு உடன்பாட்டுக்கு வந்தது, வரி நீங்கிற்று. தேக்கிவைத்த வெள்ளம்போல் அமெரிக்கப் படங்கள் வந்து குவிந்தன. அவசரத்தில் எடுத்த ஆங்கிலப் படங்கள் அவற்றின்முன் நிற்கமாட்டாமல் வீழ்ந்தன. 1949இல் வங்கிகளுக்கு அவர் நிறுவனம் பட்ட கடன் 1 கோடியே 60 லட்சம் பவுனுக்கு மேலாயிற்று.

அப்போது முன்னணிக்கு வந்தவர் ஜான் டேவிஸ் என்னும் கணக்கர். செலவைச் சுருக்குவதில் வல்லவர். ஷெப்பர்ட்ஸ் புஷ் நிலையம் பி.பி.சி.க்கு விற்கப்பட்டது, பிற நிலையங்கள் பூட்டப்பட்டன, கலைஞர்க்குத் தந்திருந்த உரிமையும் ஒடுங்கிற்று.

இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று நம் உள்ளத்தை வருத்துவது. பாவலும் பிரெஸ்பர்கரும் 1948இல் ‘தி ரெட் ஷூஸ்’ படத்தை முடித்தனர். கலைக்காக உயிரையே கொடுக்கும் ஒரு நடனப் பெண்ணின் கதை. முடிந்த படத்தை ராங்கும் டேவிஸும் பார்த்துவிட்டு, ஒரு சொல்லும் சொல்லாமல் எழுந்து சென்றனர் எனப் பாவல் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறுகிறார். படம் தோற்கும் என்று முடிவு செய்து, அதற்குரிய சிறப்புகளின்றி வெளியிட்டனர். நடந்தது வேறு. நியூயார்க் நகரின் ஒரு சிறு கொட்டகையில் அது ஈராண்டுக்கு மேல் ஓடிற்று. அமெரிக்காவில் பெரும் பொருள் ஈட்டிய ஆங்கிலப் படங்களில் ஒன்றாயிற்று. ஆனால் அதற்குள் அவ்விருவரும் ராங்கை விட்டு நீங்கிவிட்டனர், லீனும் நீங்கினார். பல ஆண்டுகள் பொறுமையுடன் நம்பியவர், அந்நம்பிக்கை பலன் தரும் வேளையில் நம்ப முடியாமற் போனார். கடன் மிகும்போது கண்ணும் மங்கிவிடுகிறது.

சனிக்கிழமைப் பிள்ளைகள்

வீழ்ச்சியின் நடுவிலும் ஒரு முயற்சியைப் பாராட்டாமல் இருத்தல் இயலாது. 1943இல் ராங்க் தம் கொட்டகைகளில் சனிக்கிழமைக் காலைகளில் சிறுவர் சங்கங்களைத் தொடங்கினார். உண்மை பேசவும், பிறர்க்கு உதவவும், பெற்றோர் சொற்கேட்கவும் பிள்ளைகள் உறுதிமொழி கூறியபின் படம் தொடங்கும். லட்சக்கணக்கில் பிள்ளைகள் சேர்ந்தனர். பெரியவர்க்கு எடுத்த படங்களையே சிறுவர்க்குக் காட்டுவது தவறென்று கண்டு, 1944இல் மேரி பீல்டு என்னும் அம்மையாரிடம் சிறுவர் படங்கள் எடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். செடிகொடிகள், பறவைகள் ஆகியவற்றின் வாழ்வைப் படமாக்கிப் பெயர் பெற்றவர் அவ்வம்மையார். அம்முயற்சி இலாபம் தரவில்லை. 1950ஐ ஒட்டி நின்றுபோயிற்று. எனினும் அதன் வழித்தோன்றலாக 1951இல் சிறுவர் திரைப்பட நிறுவனம் எழுந்து, பல தலைமுறை ஆங்கிலப் பிள்ளைகளை மகிழ்வித்தது. ஞாயிறு வகுப்பு ஆசிரியர் உருவாக்கியவற்றுள், அவர் தொடங்கிய இடத்துக்கு மிக அண்மையில் நின்றது இதுவே.

ஒரு பெயர், இரண்டு ஆறுகள்

1952இல் தமையனார் ஜேம்ஸ் ராங்க் இறக்கவே, ஆர்தர் மீண்டும் மாவுத் தொழிலின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டில், படநிறுவனத்தை ஆளும் பங்குகளைத் தம் வாரிசுகளுக்கு வைக்காமல் ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தார். 1956இல் அந்நிறுவனம் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து ‘ராங்க் ஜெராக்ஸ்’ எனும் கூட்டுத் தொழிலில் இறங்கிற்று. தெருமுனைக் கடையில் நாம் ‘ஜெராக்ஸ்’ எடுக்கும் அச்சொல் உலகில் பரவியதில் இக்கூட்டுக்கும் பங்குண்டு. படங்கள் தராத இலாபத்தை அக்கருவி தந்தது. 1957இல் ராங்கிற்குப் பிரபுப் பட்டம் கிடைத்தது. 1962இல் படநிறுவனத்தின் தலைமையை டேவிஸிடம் விட்டார். 1972 மார்ச் 29இல், 83ஆம் வயதில் காலமானார்.

அவர் பெயர் இன்று இரண்டு ஆறுகளாக ஓடுகிறது. ஒன்று, படநிறுவனத்தின் வழிவந்த குழுமம். 1960களில் கூட்டம் குறைந்த கொட்டகைகள் பலவற்றை அது ‘பிங்கோ’ ஆடும் கூடங்களாக மாற்றிற்று. 1980இல் படமெடுப்பதைக் கைவிட்டது. 2000இல் பைன்வுட்டையும் விற்றுவிட்டது. இன்று சூதாட்ட விடுதிகளை நடத்துவதே அதன் தொழில். சூது ஆகாது என்று கற்றுக்கொடுத்த ஆசிரியரின் பெயர் சூதாட்ட விடுதிக்காரரின் பெயராயிற்று! மற்றொன்று, அவர் ஏற்படுத்திய அறக்கட்டளை. ‘ராங்க் பவுண்டேஷன்’ என்ற பெயரில் அது இளைஞர் நலத்துக்கும் எளியோர்க்கும் இன்றும் உதவிவருகிறது. இரண்டிற்கும் ஊற்று ஒன்றே. அவர் கைவிட்டுப் போனதை வணிகம் எடுத்துக்கொண்டது; மனமுவந்து கொடுத்தது மட்டும் அவர் எண்ணியபடி நிற்கிறது.

நாம் சொன்ன விடை

ஒரு வாரம் கழித்து அப்பெரியவர் வீட்டுக்குச் சென்று, இவ்வரலாற்றை விரித்துரைத்தோம். பின்னர் நம் கருத்தையும் சொன்னோம்.

“ஐயா, சினிமாவும் விசுவாசமும் ஒரே வீட்டில் குடியிருக்கும். ஆனால் சண்டையில்லாமல் இராது. தம்பி சபைக்காகப் படம் எடுத்தால்தான் விசுவாசி என்று எண்ணவேண்டாம். மனிதரை உள்ளபடி பார்க்கக் கற்றுக்கொள்ளட்டும், பொய் காட்டாதிருக்கட்டும். தன்னிலும் வல்லவரை நம்பும் அடக்கம் இருக்கட்டும். கடன் வாங்கும்போது மட்டும் உங்களைப்போன்ற கணக்கரைக் கலந்துகொள்ளட்டும். ராங்க் தவறியது அவ்விடத்தில்தான்.”

பெரியவர் சிறிது நேரம் பேசவில்லை. “அந்த மனிதர் கடைசிவரை ஞாயிறு வகுப்பு எடுத்தாரா?” என்று கேட்டார். பெரும்பொறுப்பில் இருந்தபோதும் விடவில்லை என்றோம்.

அயலூரில் வந்து வேரூன்றிய நம் குடும்பங்களுக்குப் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றிய அச்சம் இயல்பே. நிலையான வேலை, மாதச் சம்பளம், சொந்த வீடு என்று நாம் பட்ட பாடு அத்தகையது. கலைத்துறையில் கால்வைக்கும் பிள்ளையை வாழ்த்தியனுப்பவும் முடியாமல், தடுக்கவும் முடியாமல் தவிக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், இவ்வரலாறு ஒரு சிறு துணையாகுமாயின் நம் உழைப்பு வீணாகாது.

நாம் விடைபெற்று எழுந்தபோது, கதவருகில் நின்ற மகனை நோக்கி, “விண்ணப்பம் அனுப்பக் கடைசி நாள் எப்போது?” என்று பெரியவர் கேட்டார்.